விளக்கு வைப்பதற்குள் ஓர் ஊர்: சுவிஸ்–ஜெர்மன் எல்லையில் குளிர்கால ஒருநாள் பயணங்கள்

டிசம்பர் நடுவில் சூரிச்சில் காலை எட்டு மணி கழிந்த பிறகுதான் சூரியன் எழுகிறது. மாலை 4.35 வாக்கில் மறைந்துவிடுகிறது. முதல்முறை குளிர்காலத்தில் எங்களிடம் வந்த என் மாமனார் கடைத்தெருவில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, காப்பி குடிக்கிற நேரத்தில் விளக்கு வைத்துவிட்டார்களே?" என்றார். அன்று நான் போட்டிருந்த திட்டத்தில் மூன்று ஊர்கள் இருந்தன. இரண்டாவது ஊரை இருட்டில் பார்த்தோம். மூன்றாவது ஊர் வந்தபோது ரயில் ஜன்னலில் எங்கள் முகம்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ உறவினர்களை இதே வழிகளில் கூட்டிப்போய்விட்டேன். இப்போது நான் போடும் திட்டம் ஒரே கணக்கில் நிற்கிறது: வெளிச்சம், கூரை, விளக்கு. காலையில் வெளிச்சம் வேண்டிய இடங்கள், அதாவது அருவி, ஏரிக்கரை, ஓவியம் தீட்டிய வீடுகள். உடம்பு குளிரத் தொடங்கும் பிற்பகலில் கூரைக்குக் கீழ் உள்ள இடங்கள்: அருங்காட்சியகம், கோட்டை, நூலகம். விளக்கு வைத்த பிறகு பழைய தெருக்களும் கிறிஸ்துமஸ் சந்தையும். ஒரு நாளுக்கு ஓர் ஊர், மிஞ்சினால் பக்கத்து ஊர் ஒன்று. கோடையில் நான்கு ஊர் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்; அந்தப் பட்டியலைக் குளிர்காலத்துக்கு எடுத்து வராதீர்கள்.

இந்தக் கட்டுரை சூரிச்சை அல்லது அதன் அக்கம்பக்கத்தைத் தங்குமிடமாகக் கொண்டு, ரயிலில் போய்வருகிறவர்களுக்கானது. கார் வைத்திருப்பவர்களுக்கும் குளிர்காலத்தில் ரயிலையே சொல்வேன். பழைய ஊர்களுக்குள் கார் நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி வெளிச்சம் போய்விடும்.

கிளம்புவதற்கு முன்

முதலில் கடவுச்சீட்டு. சுவிட்சர்லாந்தும் ஜெர்மனியும் ஒரே ஷெங்கன் விசாவுக்குள் வருகின்றன. ஒருமுறை நுழைய மட்டும் அனுமதிக்கும் விசா வைத்திருப்பவரும் இரண்டுக்கும் இடையே போய்வரலாம். ஆனால் 2023 அக்டோபர் முதல் ஜெர்மன் காவல்துறை சுவிஸ் எல்லையில் சோதனை நடத்துகிறது. ரயிலுக்குள்ளேயே வந்து கேட்பார்கள். கைப்பேசியில் எடுத்த படம் செல்லாது. அசல் கடவுச்சீட்டு சட்டைப்பைக்குள் இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் குடியிருப்பவர்களானால் வதிவிட அட்டையும் கூடவே வேண்டும்.

இரண்டாவது, கைப்பேசி. இதில்தான் புதியவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஒன்றிய நாடுகளுக்குள் இருக்கும் கட்டணமில்லா ரோமிங் சட்டம் இதற்குப் பொருந்தாது. ஜெர்மன் சிம் சுவிட்சர்லாந்திலும், சுவிஸ் சிம் ஜெர்மனியிலும் காசைக் கறக்கலாம். சூரிச்சிலிருந்து ரைன் ஆற்றின் அருவிக்குப் போகும் ரயில் பாதை நடுவில் சில நிமிடங்கள் ஜெர்மன் மண்ணில் ஓடுகிறது. யெஸ்டெட்டன் என்ற நிலையத்தைத் தாண்டும்போது கைப்பேசி சத்தமில்லாமல் ஜெர்மன் கோபுரத்துக்கு மாறிக்கொள்ளும். என் அத்தை அந்தச் சில நிமிடங்களும் ஊரில் நடந்த ஒரு கும்பாபிஷேகத்தின் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாதக் கடைசியில் வந்த பில்லில் அந்தக் கும்பாபிஷேகத்துக்கு நாங்களும் உபயதாரர் ஆகியிருந்தோம். கிளம்பும் முன் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். நேர அட்டவணையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, டிக்கெட். சுவிஸ் ரயிலில் ஏறிய பிறகு டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பே வேண்டாம். செயலியில் வாங்கினாலும் ரயில் நகரும் முன் வாங்கி முடித்திருக்க வேண்டும். நகர்ந்த பின் வாங்கிய டிக்கெட்டைப் பரிசோதகர் நேரம் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். நாள் முழுதும் எந்த ரயிலிலும் ஏற, முன்கூட்டி வாங்கும் சேமிப்பு நாள் அட்டை ஒன்று இருக்கிறது. ஜெர்மன் மொழியில் 'ஷ்பார்டாகெஸ்கார்டெ'. எவ்வளவு முன்னால் வாங்குகிறோமோ அவ்வளவு மலிவு. குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டும் செல்லும் சேமிப்பு டிக்கெட்டும் உண்டு. அதைக் குளிர்காலத்தில் திரும்பும் வழிக்கு நான் வாங்குவதில்லை. குழந்தைக்குக் கால் நனைந்தாலோ பெரியவர்களுக்குக் குளிர் தாங்காமல் போனாலோ முந்தைய ரயிலில் ஏற முடியாது. இங்கேயே குடியிருப்பவர்கள் பாதிக்கட்டண அட்டை வாங்குவதே முதல் வேலை. பெற்றோருடன் போகும் 6 முதல் 16 வயதுக் குழந்தைகளுக்கு 30 பிராங்கில் ஓராண்டு அட்டை கிடைக்கிறது. 6 வயதுக்குக் கீழ் டிக்கெட் தேவையில்லை.

நான்காவது, பணம். சுவிஸ் பக்கம் பிராங்க், ஜெர்மன் பக்கம் யூரோ. சுவிஸ் கடைகளில் பெரும்பாலும் அட்டையே போதும். ஜெர்மன் சந்தைக் கடைகளில் "ரொக்கம் மட்டும்" என்று பலகை தொங்குவது சாதாரணம். 30, 40 யூரோ சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். சில பிராங்க் நாணயங்களும் வேண்டும், ரயில் நிலையக் கழிப்பறைக்கு. ரயிலுக்குள் இருக்கும் கழிப்பறைக்குக் கட்டணம் இல்லை. இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் குழந்தைகளை எழுப்பி அனுப்புவது எங்கள் வீட்டுச் சட்டம்.

உடை பற்றி எல்லோரும் சொல்வார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பெரிய கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் மேல். வெளியே பூஜ்யம், உள்ளே இருபதுக்கு மேல். ஒரு நாளில் பத்துமுறை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். புடவைதான் கட்டுவேன் என்ற என் அத்தை உள்ளே கம்பளிக் காலுறையும் தெர்மல் உடையும் போட்டுக்கொண்டு நாள் முழுதும் சுற்றினார், ஒன்றும் ஆகவில்லை. தவறு நடப்பதெல்லாம் செருப்பில். பழைய ஊர்களின் கல் பாவிய தெருக்கள் ஈரத்தில் சோப்புப் போட்டதுபோல் வழுக்கும். அடிப்பாகம் ரப்பர் பற்களோடு இருக்கும் காலணி இல்லையென்றால் பயணத்தை ஒருநாள் தள்ளிப்போட்டு முதலில் அதை வாங்குங்கள்.

கடைசியாக, நாள் குறிப்பது. ஞாயிறு ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையக் கடைகள் மட்டும் விதிவிலக்கு. திங்கள் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. டிசம்பர் 24 பிற்பகலில் ஊரே அடங்கிவிடும். 25, 26 இரண்டு நாளும் ஜெர்மனியில் விடுமுறை. பல கிறிஸ்துமஸ் சந்தைகள் 24க்கு முன்பே கடையைக் கட்டிவிடுகின்றன. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்து கிறிஸ்துமஸ் சந்தையைப் பார்க்க முடியாமல் திரும்புகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஆகவே செவ்வாய் முதல் வெள்ளி வரை, நவம்பர் கடைசி வாரத்துக்கும் டிசம்பர் 20க்கும் இடையில் வருவது உத்தமம்.

முதல் நாள்: அருவி, ஓவிய வீடுகள், கோட்டை

சூரிச் பிரதான நிலையத்திலிருந்து எஸ்9 ரயில் ஒரு மணி நேரத்துக்குள் நொய்ஹவுஸன் ரைன்ஃபால் நிலையத்தில் இறக்கிவிடும். நடைமேடையை விட்டு வெளியே வந்ததும் லிஃப்ட். அதில் இறங்கினால் அருவியின் முன்னால் நிற்பீர்கள். 150 மீட்டர் அகலம், 23 மீட்டர் உயரம். குற்றால அருவியை மனதில் வைத்து வருகிறவர்கள் உயரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். இதன் பெருமை அகலத்திலும் நீரின் அளவிலும் இருக்கிறது. கோடையில் வினாடிக்குச் சராசரி 600 கன மீட்டர் தண்ணீர் விழும். குளிர்காலத்தில் ஆல்ப்ஸின் பனி உருகுவதில்லை என்பதால் அது 250 அளவுக்கு இறங்கிவிடும். இது குறைதான். ஆனால் எனக்குக் குளிர்கால அருவிதான் பிடிக்கும். கோடையில் நுரைக்குள் மறைந்திருக்கும் பாறைகள் இப்போது முழுதாக வெளியே நிற்கும். கடுங்குளிர் நாளில் சாரல் பட்ட கைப்பிடிக் கம்பியின் மேல் கண்ணாடி உறைபோல் பனி படிந்திருக்கும். விரலால் தட்டினால் உறையோடு கழன்று வரும்.

நொய்ஹவுஸன் கரையில் கட்டணம் இல்லை. எதிர்க்கரையில் லாஃபன் கோட்டையின் பார்வை மேடைகளுக்குக் கட்டணம் உண்டு. ரயில் பாலத்தின் ஓரமாக உள்ள நடைபாதையில் போய்விடலாம். குளிர்காலத்தில் படகுகளை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஒன்றேகால் மணி நேரம் இங்கே போதும். அதற்கு மேல் நின்றால் சாரல் எலும்புக்குள் போகும்.

அடுத்து ஷாஃப்ஹவுஸன் நகரத்துக்குப் போகத் தோன்றும். ரயிலில் ஐந்து நிமிடம்தான். போய் இறங்குங்கள், ஆனால் ஊருக்குள் போகாமல் அங்கேயே ரயில் மாறி 25 நிமிடத்தில் ஷ்டைன் ஆம் ரைனுக்குப் போங்கள். காரணம், ஷ்டைன் வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய ஊர். ஷாஃப்ஹவுஸன் மாலைக்கும் தாங்கும். நடுவில் டீஸன்ஹோஃபன் என்ற சிற்றூர் வரும். அங்கே ஆற்றின் மேல் கூரை போட்ட மரப்பாலம் ஒன்று இருக்கிறது. அதன் மறுமுனை ஜெர்மனி.

ஷ்டைனில் நிலையம் ஆற்றுக்குத் தெற்கே, பழைய ஊர் வடக்கே. பத்து நிமிட நடை. பாலத்தைத் தாண்டினால் நகரமன்றச் சதுக்கம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயர், அந்தப் பெயருக்கேற்ற ஓவியம்: சூரியன், சிவப்பு எருது, வெள்ளைக் கழுகு. கதவிலக்கம் வருவதற்கு முந்தைய காலத்தின் முகவரி இது. எல்லாமே இடைக்காலத்து ஓவியம் என்று வழிகாட்டிகள் அளப்பார்கள், நம்ப வேண்டாம். நகரமன்றக் கட்டடம் 1539–1542 காலத்தது என்றாலும் அதன் முகப்பில் இருக்கும் வரலாற்றுக் காட்சிகள் 1900 வாக்கில் தீட்டியவை. உண்மையிலேயே பழையது வெள்ளைக் கழுகு வீட்டின் ஓவியம், 1520களைச் சேர்ந்தது. முதலில் அதற்கு எதிரே நின்று கழுத்து வலிக்கப் பாருங்கள். பிறகு மற்ற வீடுகளைப் பார்த்தால் எது மூத்தது, எது இளையது என்று கண்ணே சொல்லும்.

இந்த ஊரின் செயின்ட் ஜார்ஜ் மடத்து அருங்காட்சியகம் குளிர்காலத்தில் மூடியிருக்கும். ஷாஃப்ஹவுஸனுக்கும் ஷ்டைனுக்கும் இடையே ஓடும் ரைன் கப்பலும் ஓடாது. இதனால் ஏமாற்றம் அடைகிறவர்கள் உண்டு. எனக்கு இது வரம். கோடையில் பஸ் பஸ்ஸாக ஆள் இறங்கும் சதுக்கத்தில் ஜனவரியில் நாலு பேர்தான் நிற்பார்கள். டிசம்பரில் ஊரே விழாக்கோலம் பூண்டு கடைகள் போட்டிருக்கும்.

மதிய உணவுக்கு இரண்டு வழி. விடுதியில் உட்கார்ந்தால் தலைக்கு 25, 30 பிராங்க் ஆகிவிடும். நாங்கள் பெரும்பாலும் புளியோதரையும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக்கொண்டு வந்து திரும்பும் ரயிலில் சாப்பிட்டுவிடுவோம். ரயிலில் சாப்பிடுவது இங்கே சாதாரணம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஃப்ளாஸ்க்கில் சூடான ரசம் கொண்டுபோனால் பக்கத்து இருக்கைக்காரர் வாசனை பிடித்து விசாரிக்கவும் செய்வார். கருவாடு மட்டும் வேண்டாம்.

பிற்பகல் மூன்று மணிக்குள் ஷாஃப்ஹவுஸன். இந்த ஊர் பிழைத்ததே அருவியால்தான். கப்பல்கள் அருவியைத் தாண்ட முடியாது. ஆகவே சரக்கையெல்லாம் இங்கே இறக்கி, வண்டியில் ஏற்றி, அருவிக்குக் கீழே மறுபடி கப்பலேற்ற வேண்டும். இறக்கு கூலியிலும் சுங்கத்திலும் வளர்ந்த செல்வம்தான் தெருவெங்கும் வீட்டு முகப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் செதுக்கிய ஜன்னல் மாடங்களாக நிற்கிறது. மொத்தம் 171 என்று கணக்கு. பணக்காரன் தெருவைப் பார்க்க வைத்த ஜன்னலா, தெரு அவனைப் பார்க்க வைத்த ஜன்னலா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நேராக மூனோட் கோட்டைக்கு ஏறுங்கள். 1564 முதல் 1589 வரை கட்டிய வட்டக் கோட்டை, கட்டணம் இல்லை, குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள். திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே படிக்கட்டு. அகழியில் தண்ணீருக்குப் பதில் மான்கள். உள்ளே நுழைந்ததும் பெரிய கல் மண்டபம். கூரையில் குடைந்த வட்டத் துளைகள் வழியாக வெளிச்சம் தூண்போல் தரையில் இறங்கும். மேலே போக, படி இல்லாமல் குதிரை ஏறும் அளவுக்கு அகலமான சுழல் பாதை. மேல்தளத்தில் நின்றால் கீழே ஊரின் கூரைகள், ஆறு, ஒவ்வொன்றாக ஏற்றப்படும் விளக்குகள். கோபுரத்தில் காவலர் ஒருவர் குடியிருக்கிறார். இரவு 9 மணிக்குக் கையால் மணி அடிக்கிறார். ஊர்க் கதவை மூட ஒரு காலத்தில் அடித்த மணி, கதவுகள் போன பிறகும் தொடர்கிறது.

இறங்கி வந்தால் ஆலர்ஹைலிகன் மடத்து அருங்காட்சியகம். 'வீரன் வீடு' என்ற கட்டடத்தின் முகப்பில் டோபியாஸ் ஷ்டிம்மர் 1568–1570இல் தீட்டிய ஓவியத்தின் அசல் துண்டுகள் இங்கேதான் இருக்கின்றன. தெருவில் தெரிவது இருபதாம் நூற்றாண்டில் மறுபடி தீட்டியது. திங்கட்கிழமை மூடியிருக்கும் என்று மேலே சொன்னது இதற்கும் பொருந்தும். ஒரு திங்களன்று மழையும் பனியும் கலந்து கொட்டியபோது மாமனாருடன் இந்த மூடிய கதவின் முன் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன். "மாப்பிள்ளை, கதவும் பழமையானதுதானே, பார்த்தாயிற்று, வாருங்கள்" என்று அவர்தான் என்னைத் தேற்றினார்.

1944 ஏப்ரல் 1 அன்று அமெரிக்க விமானங்கள் மோசமான வானிலையில் வழி தவறி, ஜெர்மன் ஊர் என்று நினைத்து இந்த நகரத்தின் மேல் குண்டு போட்டன. 40 பேர் இறந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டு மறுநாள் கொன்ஸ்டான்ஸ் போங்கள்.

இரண்டாம் நாள்: கொன்ஸ்டான்ஸும் மேர்ஸ்புர்கும்

கொன்ஸ்டான்ஸ், அதே பெயர் கொண்ட ஏரியின் கரையில் உள்ள ஜெர்மன் நகரம். ஆனால் சூரிச்சிலிருந்து நேரடி ரயில், ஒன்றேகால் மணி நேரம். சுவிஸ் நகரமான க்ரொய்ட்ஸ்லிங்கனோடு சுவரொட்டி இருக்கிறது. எங்கே நாடு முடிகிறது என்று தெருவைப் பார்த்துச் சொல்ல முடியாது. போர்க்காலத்தில் ஜெர்மனியின் மற்ற ஊர்கள் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கிடந்தபோது, கொன்ஸ்டான்ஸ் விளக்கை எரியவிட்டு, தானும் சுவிட்சர்லாந்துதான் என்று விமானங்களை நம்பவைத்தது என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். எப்படியோ, ஊர் குண்டுக்குத் தப்பியது. அதனால்தான் பழைய நகரம் முழுதாக இருக்கிறது. ஜெர்மன் என்று நினைத்துக் குண்டு வாங்கிய சுவிஸ் ஊரிலிருந்து இங்கே ரயிலில் ஒரு மணி நேரச் சொச்சம்தான்.

சனிக்கிழமையைத் தவிருங்கள். சுவிஸ் விலைக்கு அஞ்சி வருகிறவர்கள் அன்று சாரிசாரியாக வந்து இறங்குவார்கள். நீங்களும் மளிகை வாங்குவதாக இருந்தால், சுவிட்சர்லாந்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 50 யூரோவுக்கு மேல் வாங்கினால் கடையில் ஏற்றுமதிச் சீட்டு கேட்டு வாங்கி, எல்லையில் ஜெர்மன் சுங்க முத்திரை பெற்று, வரியைத் திரும்பப் பெறலாம். சுவிஸ் பக்கம் 2025 ஜனவரி முதல் ஒரு நாளைக்கு ஒருவருக்கு 150 பிராங்க் மதிப்பு வரைதான் வரியில்லை. முன்பு 300 ஆக இருந்தது. பழைய கணக்கை நம்பிப் பலர் மாட்டுகிறார்கள். இறைச்சி ஒருவருக்கு ஒரு கிலோ மட்டும்.

காலையில் நிலையத்தைவிட்டு வந்ததும் துறைமுகம். முனையில் 9 மீட்டர் உயரப் பெண் சிலை ஒன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பெயர் இம்பெரியா, பேட்டர் லெங்க் செய்து 1993இல் நிறுத்தியது. இரு கைகளிலும் ஆடையில்லாத இரண்டு சிறு மனிதர்கள். ஒருவன் தலையில் போப்பின் மணிமுடி, மற்றவன் தலையில் பேரரசனின் மணிமுடி. தாத்தா பாட்டிகளைக் கூட்டிப்போகிறவர்கள் விளக்கத்தை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிலையின் கேலி புரிய எதிரே உள்ள பெரிய கூரைக் கட்டடத்தைப் பார்க்க வேண்டும். 1388இல் சரக்குக் கிடங்காகக் கட்டியது. 1414 முதல் 1418 வரை இந்த ஊரில் கிறித்துவ உலகின் பெருஞ்சபை கூடியது. அப்போது மூன்று பேர் ஒரே நேரத்தில் நானே போப் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிக்கலை அவிழ்த்து, 1417 நவம்பரில் ஐந்தாம் மார்ட்டினை இந்தக் கிடங்கில் வைத்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதே சபை, பாதுகாப்பு வாக்குறுதி பெற்று வந்திருந்த போஹிமியச் சீர்திருத்தவாதி யான் ஹுஸை 1415 ஜூலை 6 அன்று உயிரோடு எரித்தது. ஹுஸன் தெருவில் அவருக்கு ஒரு நினைவு இல்லம் இருக்கிறது.

துறைமுகத்திலிருந்து கரையோரமாகத் தெற்கே பத்து நிமிடம் நடந்தால் புல்வெளியில் வரிசையாகச் சிவப்பு உலோக உருவங்கள். குறி சொல்லப் பயன்படும் டாரட் சீட்டுகளின் 22 உருவங்கள். நாஜிக் காலத்தில் போட்ட எல்லை வேலி நின்ற கோடு அது. வேலியை 2006இல் எடுத்துவிட்டு இவற்றை வைத்தார்கள். உருவங்களுக்கு நடுவே ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே வைத்து எல்லோரும் படமெடுப்பார்கள். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், வெட்கம் வேண்டாம்.

பிறகு பேராலயத்துக்கும் ரைனுக்கும் நடுவே உள்ள நீடர்புர்க் பகுதி. குறுகிய சந்துகள். காற்று அடிக்காது, அதனாலேயே குளிர்காலத்தில் சுகம். சாப்பிட இங்கேயே ஒரு சிறு விடுதி பாருங்கள். சைவர்களுக்குச் சில சொற்கள் கைகொடுக்கும்: 'ஓனே ஃப்ளைஷ்' என்றால் இறைச்சி இல்லாமல், 'ஓனே ஷ்பெக்' என்றால் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் இல்லாமல். இரண்டாவதுதான் முக்கியம். இங்கே பலருக்கு ஷ்பெக் என்பது இறைச்சிக் கணக்கில் வராது. நம் ஊரில் முட்டை சைவமா என்று கேட்பதைப்போல. 'கேஸெஷ்பெட்ஸ்லெ' என்ற சீஸ் போட்ட மாவுத் துண்டுகள் வயிற்றை நிரப்பும். சந்தையில் உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த அடை, ஆப்பிள் கூழோடு கிடைக்கும். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் இறைச்சிச் சாற்றில் செய்ததா என்று கேளுங்கள். மரபான சுவிஸ் சீஸ்கள் பலவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்கிறது. கட்டுப்பாடான சைவர்கள் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்றரை மணி வாக்கில் 1ஆம் எண் நகரப் பஸ்ஸில் ஷ்டாட் படகுத்துறைக்குப் போங்கள். அங்கிருந்து மேர்ஸ்புர்குக்கு வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றும் படகு, 1928 முதல் ஓடுகிறது. ஆண்டின் எல்லா நாளும், இரவும் பகலும். கடக்க 15 நிமிடம். கோடையில் போகும் வெள்ளைக் கப்பல்கள் ஓய்வெடுக்கும் பருவத்தில், நடந்து வருகிறவருக்குச் சில யூரோவில் ஏரியைக் காட்டுவது இதுதான். மேல்தளத்தில் நின்று ஐந்து நிமிடம் காற்று வாங்கிவிட்டு உள்ளே ஓடிவந்துவிடுங்கள்.

மேர்ஸ்புர்கில் ரயில் இல்லை. படகிலிருந்து இறங்கி நடந்தால் கீழ் ஊர். அங்கிருந்து செங்குத்தான தெருவில் மேல் ஊர். அதன் நடுவே பழைய கோட்டை, ஆண்டு முழுதும் திறந்திருக்கும். இதுதான் இன்றைய 'கூரை'. உள்ளே ஆயுதக்கூடம், சமையலறை, கிணறு, சிறைக்குழி. கவிஞர் ஆனெட்டெ ஃபான் ட்ரோஸ்டெ-ஹ்யூல்ஸ்ஹோஃப் தங்கி, 1848இல் இறந்த அறையும் இருக்கிறது. பழைய ஜெர்மன் 20 மார்க் நோட்டில் இருந்த முகம் அவருடையது. சமையலறையில் புகைபிடித்துக் கறுத்த சுவர்முன் என் அத்தை நின்று, "இங்கேயும் அடுப்படிதான் கதி" என்றார். அரங்கில் வேறு யாரும் இல்லாததால் நாங்கள் சத்தமாகச் சிரித்தோம். ஜனவரி, பிப்ரவரியில் மேர்ஸ்புர்கின் பாதி விடுதிகள் மூடிக்கிடக்கும். சாப்பாட்டைக் கொன்ஸ்டான்ஸில் முடித்துவிட்டு வரச் சொன்னது அதனால்தான்.

இந்த ஏரி முழுதும் உறைந்தது கடைசியாக 1963 பிப்ரவரியில். அப்போது மேர்ஸ்புர்குக்குப் பக்கத்து ஊரான ஹாக்னாவிலிருந்து மக்கள் புனித யோவானின் மார்பளவுச் சிலையை ஊர்வலமாகப் பனியின் மேல் சுமந்து சுவிஸ் கரையில் உள்ள மியூன்ஸ்டர்லிங்கனுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். அடுத்தமுறை உறையும்போது சிலை திரும்பி வர வேண்டும் என்பது வழக்கம். இன்னும் அக்கரையிலேயே இருக்கிறது.

நாலரை மணிப் படகில் திரும்பினால் விளக்கு வைக்கும் நேரம் ஏரி நடுவில் கழியும். கொன்ஸ்டான்ஸின் சந்தை துறைமுகம் வரை நீண்டிருக்கும். சந்தையில் சூடான பானத்தைப் பீங்கான் கோப்பையில் தருவார்கள். விலையோடு கோப்பைக்கு முன்பணமும் சேர்த்து வாங்குவார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் திரும்பும். கொடுக்காவிட்டால் கோப்பை உங்களுடையது, யாரும் திருட்டென்று நினைக்க மாட்டார்கள். மது வேண்டாதவர்கள் 'கிண்டர்புன்ஷ்' என்று கேளுங்கள். குழந்தைகள் பானம் என்றுதான் பொருள், பெரியவர்களும் கூச்சமில்லாமல் குடிக்கலாம்.

மூடுபனி நாளுக்கு, மழை நாளுக்கு

குளிர்காலத்தில் ஏரியின் மேலும் சமவெளியின் மேலும் நாட்கணக்கில் மூடுபனி படுத்திருக்கும். பெரும்பாலும் 800, 1000 மீட்டர் உயரத்துக்கு மேலே ஏறினால் பளீரென்று வெயில். கிளம்பும் காலையில் அந்தந்த ஊரின் நேரலைக் கேமராவைப் பாருங்கள். எதிரே உள்ள கரையே தெரியவில்லை என்றால் ஏரிப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டுச் செயின்ட் காலன் என்ற சுவிஸ் நகரத்துக்குப் போங்கள், சூரிச்சிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். அங்குள்ள மடத்து நூலகம் 1983 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வாசலில் பெரிய பெட்டி நிறையக் கம்பளிச் செருப்புகள். நம் கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவோம். இங்கே போட்டிருக்கும் காலணிக்கு மேலேயே இன்னொரு செருப்பை மாட்டிக்கொண்டு மரத்தரையில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வாசலின் மேல் கிரேக்க எழுத்தில் 'ஆன்மாவின் மருத்துவமனை' என்று பொருள்படும் வாசகம். உள்ளே பதினெட்டாம் நூற்றாண்டு மரவேலையின் உச்சம், கி.பி. 1000க்கு முந்தைய கையெழுத்துச் சுவடிகள் நானூறு அளவில் இங்கே காக்கப்படுகின்றன. ஓலைச்சுவடியில் கரையான் பட்ட கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அங்கே நிற்கும்போது பொறாமை வராமல் இருக்காது.

மழை கொட்டினால் பெர்ன். சூரிச்சிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். பழைய நகரின் இருபுறமும் சுமார் 6 கிலோமீட்டர் நீளக் கூரையிட்ட நடைபாதை, குடையே வேண்டாம். மணிக்கூண்டின் பொம்மைகள் ஆடுவதைப் பார்க்க, மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே இடம் பிடியுங்கள். இந்நகரின் ஐரோப்பாப் பிளாட்ஸில் 2014இல் திறந்த 'மதங்களின் இல்லம்' ஒன்றில், ஈழத் தமிழர்கள் நடத்தும் சைவக் கோயில் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் பௌத்த கூடத்துக்கும் பக்கத்தில் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிறது. மாலைப் பூசைக்கு நேரம் பார்த்துப் போனால் தமிழில் நாலு வார்த்தை பேசிவிட்டும் வரலாம்.

கொன்ஸ்டான்ஸ் ஏரியில் உள்ள லிண்டாவ் தீவும், பாசல் வழியாகப் போகும் ஜெர்மன் நகரமான ஃப்ரைபுர்கும் ஒரே நாளில் போய்வரக்கூடியவை. லிண்டாவுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: விரைவு ரயில் கரையில் உள்ள ரொய்டின் நிலையத்தில் நிற்கும், தீவுக்கு மாறிப்போக வேண்டும். துறைமுகச் சந்தையும் வாரத்தின் எல்லா நாளும் நடப்பதில்லை. ஃப்ரைபுர்குக்குக் காலையிலேயே போங்கள். பேராலயத்தின் 116 மீட்டர் கோபுரத்தின் கீழ் கூடும் காய்கறிச் சந்தை மதியத்தோடு முடிகிறது, ஞாயிறு கிடையாது.

கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு வருகிறவர்களுக்கு

ஜனவரியில் சந்தை இல்லை, ஆனால் டிக்கெட்டும் அறையும் மலிவு, ஊர்கள் காலி. பிப்ரவரி அல்லது மார்ச்சில் வந்தால் பாசல் நகரத்தின் திருவிழாவுக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு தொடங்கும் சாம்பல் புதனுக்கு அடுத்த திங்களன்று அதிகாலை சரியாக 4 மணிக்குப் பழைய நகரத்தின் தெருவிளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்கள். ஒரு நொடி கும்மிருட்டு. பிறகு எல்லாச் சந்துகளிலிருந்தும் ஒரே நேரத்தில் பறையும் குழலும் முழங்க, ஆள் உயரத்துக்கு மேல் தீட்டிய விளக்குக் கூண்டுகள் நகர்ந்து வரும். என் மாமனார் காப்பி நேரத்து விளக்கை மறந்து வாய் பிளந்து நின்றது அங்கேதான். அந்த இரவுக்கென்று பல ஊர்களிலிருந்து சிறப்பு ரயில்கள் ஓடுகின்றன. டிக்கெட்டை முன்தினமே வாங்கிவிடுங்கள். மூன்று மணிக்குள் இடம் பிடியுங்கள், ஃப்ளாஷ் போட்டுப் படமெடுக்காதீர்கள், குழந்தைகளின் காதுக்குப் பஞ்சு எடுத்துப்போங்கள். ஐந்து மணிக்கு மேல் விடுதிகளில் சூடான மாவு சூப் கிடைக்கும். அது இறைச்சிச் சாற்றிலா என்பதை மட்டும் கேட்டுவிட்டு உட்காருங்கள்.